குறையும் கூலண்டும் மறுக்காத மெக்கானிக்கும்

எங்கள் கணபதிப் பகுதியில் என் காரைப் பார்த்த மெக்கானிக்கின் பெயரை நான் கேட்டதே இல்லை. நெற்றி நிறையத் திருநீறு, சட்டைப் பையில் ஒரு சின்ன டார்ச். யார் என்ன சொன்னாலும் மறுத்துப் பேசமாட்டார். அதுதான் சிக்கல்.

ஒழுகிய சுவடே இல்லாமல், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் குறைந்துகொண்டே வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோபியில் பேத்திக்குக் காதுகுத்து. காரில்தான் வருவோம் என்று சம்பந்தியிடம் பெருமையாகச் சொல்லியாயிற்று.

எதற்கும் ஒரு முறை உண்டு என்று நம்புகிறவன் நான். ரேடியேட்டர் மூடியில் தொடங்கினேன். "மூடியேதானுங்க" என்று மாற்றினார். கூலண்ட் குறைந்தது. ஹோஸ் என்றேன். "ஹோஸேதானுங்க" என்று அதையும் மாற்றினார். வாட்டர் பம்புக்கும் அதே மரியாதை கிடைத்தது.

சனிக்கிழமை பொறுமை போய், "இன்ஜினுக்குள்ளே ஹெட் கேஸ்கட் போயிருக்குமோ?" என்றேன்.

"போயிருக்குமுங்க."

"போகாமலும் இருக்கலாம்."

"இருக்கலாமுங்க."

"நான் சொன்னதை விடுங்க. உங்களுக்கு என்ன தோணுது?"

டார்ச்சை அணைத்துவிட்டு யோசித்தார். "நீங்க இத்தன சொன்னதுக்கப்பறம் எனக்குத் தனியா என்னங்க தோணும்?"

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிப்போடுங்க."

"நீங்க சொன்னாச் சொல்லிப்போடறேனுங்க. தெரியலைங்க."

மறுநாள் கோபிக்குப் பேருந்தில் போனோம். சீர்த்தட்டை மடியில் வைத்திருந்த என் மனைவி, "ஏனுங்க, அவருக்குத் தொழில் தெரியுங்களா, தெரியாதுங்களா?" என்று கேட்டாள்.

சரவணம்பட்டி தாண்டும்வரை யோசித்தேன்.

"அது நாம எப்படிக் கேக்கறோம்ங்கறதைப் பொறுத்தது" என்றேன்.