சித்தியை நான் பாஸ் போட்ட கதை

மூன்றாம் வகுப்பில் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியது ஒரே ஒரு விஷயத்தில்தான். அழித்த இடம் தெரியாமல் அழிப்பேன். மற்ற பிள்ளைகள் ரப்பரை எச்சில் தொட்டுத் தேய்த்துத் தாளைப் பொத்தலாக்கும்போது, நான் மட்டும் மெதுவாக ஒரே பக்கமாகத் தேய்த்துத் தூளை ஊதிவிடுவேன். டீச்சரே என் நோட்டைத் தூக்கி வகுப்புக்குக் காட்டியிருக்கிறார். பாழாய்ப்போன அந்தத் திறமை மட்டும் இல்லாமலிருந்தால் என் சித்தி இன்று எப்படி இருந்திருப்பாளோ என்று நினைக்காத நாள் இல்லை.

அப்போது வடக்குப்பட்டில் வரிசையாகக் கட்டிவிட்ட வாடகை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பாவுக்கு ஒரகடத்தில் வேலை. அம்மாவின் தங்கையான சித்தி, பிளஸ் டூ முடித்த கையோடு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு தங்கி, செல்போன் சார்ஜர் செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்திருந்தாள். ஷிப்ட் முழுக்க நின்றபடியே வேலை. முதல் வருஷம் கம்பெனி பஸ்ஸிலிருந்து பாடிக்கொண்டே இறங்குவாள். எனக்கு நகப்பாலிஷ் போட்டுவிடுவாள். பிறகு ஒவ்வொன்றாக நின்றது. தலை வாருவது நின்றது. சாப்பாடு பாதியானது. லீவு நாளில் சுவரைப் பார்த்துப் படுத்தால் சாயங்காலம் வரைக்கும் அதே சுவர்தான்.

வீட்டுக்காரம்மா அம்மாவைப் பிடித்துக்கொண்டார். “இன்னாம்மா உன் தங்கச்சி, குளிக்காமகூட படுத்துக்கினே கீது? எங்கனா இட்டுனு போயி மந்திரிச்சு வுடேன்.” அம்மா அவளைச் சர்ச்சுக்கு அழைத்துப் போய் ஜெபம் பண்ண வைத்தாள். அப்பா, எல்லாம் சோம்பேறித்தனம் என்றார். கம்பெனிக்குத் தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்தி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், அப்புறம் அவளை எவன் கட்டுவான் என்று இரண்டு பேரும் அடுப்படியில் குரலைத் தாழ்த்திப் பேசியது என் காதில் விழுந்தது. மற்றதெல்லாம் எனக்கு எங்கே புரிந்தது? சித்தி ஊருக்குப் போய்விடுவாள் என்பது மட்டும் புரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தி எழுந்து உட்கார்ந்து என்னிடம் பென்சில் கேட்டாள். மகளிர் தினம் என்று கேன்டீனில் ஒரு மேடம் வந்து பேசினாராம். மனசு சரியில்லாமல் போவதும் காய்ச்சல் மாதிரிதான், வெட்கப்பட ஒன்றுமில்லை என்றாராம். எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்து, உள்ளதை உள்ளபடி நிரப்பிக் கொண்டு வாருங்கள், தேவைப்படுகிறவர்களை நாங்களே கூப்பிட்டுப் பேசுவோம் என்றாராம். இவ்வளவையும் சித்தி என்னிடம் மூச்சுவிடாமல் சொன்னாள். அந்த மாதம் முழுக்க அவள் பேசியதைக் கூட்டினாலும் அவ்வளவு வராது.

தாளில் எட்டுக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து வட்ட முகங்கள். முதல் முகம் பல்லைக் காட்டிச் சிரித்தது, கடைசி முகம் அழுதது. தூக்கம் எப்படி, பசி எப்படி, அடிக்கடி அழுகை வருகிறதா என்று போய், வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறதா என்பதில் முடிந்தது. சித்தி ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்து டிக் போட்டாள். எட்டுக்கும் அழும் முகம். கடைசிக் கேள்விக்கு மட்டும் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். தாள் கசங்காமல் இருக்கட்டும் என்று என் பெரிய நோட்டுக்குள் வைக்கச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். யாரும் சொல்லாமல் அவள் குளிக்கப் போனதில் அம்மாவுக்கே ஆச்சரியம்.

எனக்கோ திக்கென்றது. எங்கள் டீச்சர் வீட்டுப்பாடம் சரியாக இருந்தால் சிரித்த முகம் வரைவார், தப்பென்றால் அழும் முகம். எட்டுக்கு எட்டும் அழும் முகம் என்றால் முட்டை மார்க். சித்தி பெயில். ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

ரப்பரை எடுத்தேன். என் ஆயுளில் அவ்வளவு அழகாக நான் எதையும் அழித்ததில்லை. சித்தி போடும் டிக்குக்கு வால் நீளம். அதே மாதிரி வாலை இழுத்து ஏழு கேள்விக்குச் சிரிக்கும் முகத்தில் போட்டேன். எட்டும் சரியாக இருந்தால் பார்த்து எழுதினாள் என்பார்களே, அதனால் அழுகை வருகிறதா என்ற கேள்விக்கு மட்டும் இரண்டாவது முகம். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். மறுநாள் காலையில் நானே அதைக் காலண்டர் தாளில் சுற்றிக் கொடுத்தேன். சித்தி பிரித்துப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த இரண்டு வாரம் வீட்டில் இருக்கும்போதெல்லாம் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். குளிக்கப் போனால் என்னிடம் கொடுத்து, அடித்தால் உடனே கதவைத் தட்டு என்பாள். அது அடிக்கவில்லை. அவளோடு வேலை செய்த இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினார்களாம், டாக்டரிடமும் அழைத்துப் போனார்களாம். அதைச் சொன்ன அன்று சித்தி தட்டைத் தள்ளி வைத்தாள்.

“ஒனக்கு ஒண்ணுமில்லன்னுதான் கூப்பிடல. அதுக்கு சந்தோஷப்படு,” என்றாள் அம்மா.

“நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்க்கா. படிச்சிட்டு, இதெல்லாம் ஒரு கஷ்டமான்னு விட்டுட்டாங்க போல.”

நான் பாடம் எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. சித்தி பாஸ்.

அதற்குப் பிறகு போன் எங்கே கிடக்கிறது என்றுகூட அவள் தேடவில்லை. வேலைக்குக் கிளம்புவதையும் விட்டாள். கம்பெனி பஸ் தெருமுனையில் ஆரன் அடித்துவிட்டுப் போகும். சில நாளில் அந்த ஆரனும் நின்றது. அப்பா ஊருக்கு டிக்கெட் எடுத்தார்.

சித்தி இன்றும் ஊரில், மாமா வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவே நாலைந்து வருஷம் ஆயிற்று. இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள். எழுந்திரு என்றால் எழுந்திருப்பாள், உட்கார் என்றால் உட்காருவாள். முதலிலேயே யாராவது பேசியிருந்தால் இவ்வளவு தூரம் முற்றியிருக்காது என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு மன்னிப்பே கிடையாது.

ஆனால் ஒருத்தரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். ஊருக்குக் கிளம்பிய அன்று சித்தி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கூடப் போகவிருந்த அம்மா கீழே தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டிருந்தாள். போகும்போதாவது சித்தி சந்தோஷமாகப் போகட்டும் என்று அவள் காதில் சொன்னேன்.

“சித்தி, நீ பெயில் ஆகல. ஒன் பேப்பர்ல எல்லாத்தையும் அழிச்சிட்டு நான் சிரிக்கிற மூஞ்சில டிக் போட்டுட்டேன்.”

சித்தி என்னையே பார்த்தாள். ஜன்னல் வழியாக அம்மாவைப் பார்த்தாள். பிறகு என் தலையை இழுத்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

“இத யார்கிட்டயும் சொல்லிராத, என்னட்டி? அம்மாட்டகூட.”

கம்பெனிக்குத் தெரிந்தால் பாஸ் போய்விடுமே, அதற்குத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.