சூளைக்குள் ஒளிந்த அக்காவும் சட்டை கசங்காத வீரனும்

நாங்கள் வாங்கிய மாத நாவல்களின் பக்கங்களில் எல்லாம் வெள்ளைக் களிமண் அப்பிய விரல் தடம் இருக்கும். விருத்தாசலத்தில் நாங்கள் வேலை பார்த்த பீங்கான் பொம்மைக் கொட்டகையில் ஒரு வழக்கம். ஒருத்தி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கதை படிப்பாள். அவள் பங்குப் பொம்மைகளுக்கும் மற்றவர்கள் வண்ணம் தீட்டிவிடுவார்கள். படிக்கிறவள் எப்போதும் கருவேப்பிலங்குறிச்சி அக்காதான்.

ஒருமுறை அடுத்தடுத்து இரண்டு திகில் கதைகள் படித்தாள். முதலாவதில் ஒரு போலீஸ்காரன் தன்னந்தனியாகக் கொலைகாரக் கும்பலின் பங்களாவுக்குள் புகுந்து, அத்தனை பேரையும் சாய்த்துவிட்டுச் சட்டை கசங்காமல் வெளியே வருவான். கொட்டகையே கைதட்டியது. இரண்டாவதில் ஒரு கொலையைப் பார்த்துவிட்ட பஸ் கண்டக்டர். கொலைகாரன் துரத்த, கரும்புக்காட்டில் பதுங்குகிறான், பயத்தில் கால்சட்டையை நனைத்துக்கொள்கிறான், கொலைகாரன் போன பிறகு தவழ்ந்து ரோட்டுக்கு வந்து பிழைத்துக்கொள்கிறான். "தூ, இவனெல்லாம் ஒரு ஆம்பளையா?" என்றார் எங்கள் மேஸ்திரி. எல்லாரும் சிரித்தார்கள். அக்காவுக்கோ அந்தக் கதைதான் பிடித்தது. எனக்கும்தான். போலீஸ்காரன் சாகமாட்டான் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது, அப்புறம் என்ன திகில்? கண்டக்டர் மூச்சை அடக்கும்போதெல்லாம் என் தூரிகை பொம்மை மேலேயே நின்றுவிட்டது.

அந்த வாரமே அக்காவின் புருஷன் குடித்துவிட்டு அரிவாளோடு கொட்டகைக்கு வந்தான். அடி தாங்காமல் அவள் மகளைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கோபம். "எங்கடா அவ? இன்னிக்கு வெட்டாம வூட்டுக்குப் போவ மாட்டேன்!" அக்கா பின்பக்கமாக ஓடி, ஆறிக் கிடந்த சூளைக்குள் புகுந்து சுருண்டுகொண்டாள். கைதட்டிய ஆண்கள் ஒருத்தரும் அசையவில்லை. என் பக்கத்தில் நின்றவன், "இருங்க, என்னதான் பண்றான்னு பாப்போம்" என்று கிசுகிசுத்தான். கதை கேட்கிற அதே முகம்! நான் ரோட்டுக்கு ஓடிக் கத்தியதில் டீக்கடையிலிருந்தவர்கள் வந்துதான் அவனை மடக்கினார்கள்.

அக்கா சாம்பலும் தூசியுமாக வெளியே வந்தாள். புடவை நனைந்திருந்தது. மேஸ்திரி வாயைத் திறந்தார். "என்னம்மா நீ, எதுத்து நின்னு ஒரு வார்த்தை கேக்கறத வுட்டுட்டு, இப்பிடியா ஓடி ஒளியுறது?" சீ! அரிவாளைக் கண்டதும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்த மனுஷன் பேசுகிற பேச்சா இது?

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அந்தப் போலீஸ்காரன் செத்தா அடுத்த மாசம் வேற ஒருத்தன் வருவான் மேஸ்திரி. நான் செத்தா எம் பொண்ணுக்கு யாரு வருவாங்க?"

வருஷங்கள் ஓடிவிட்டன. போன வாரம் பஸ் ஸ்டாண்டில் அதே மேஸ்திரி போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஒரு சண்டைக் காட்சி. "தனி ஆளும்மா! எப்பிடி அடிக்கிறான் பாரு!" திருந்தாத ஜென்மம். கொஞ்சம் தள்ளி அக்காவின் மகள் காலேஜ் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். கையில் அம்மா கட்டிக் கொடுத்த சோற்றுப் பை.

"அந்தப் பொண்ணுக்கு அம்மா இருக்காங்க, அதப் பாருங்க" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.