உலகம் மேற்கோள் காட்டிய எங்கள் கிணறு

எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரில் துணி துவைக்கலாம், மாடு குளிப்பாட்டலாம், வேண்டாத விருந்தாளிக்கு மோர் கலக்கலாம். குடிக்க மட்டும் முடியாது. துறைமுகச் சாலையிலிருந்து உள்ளே வந்தால் ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் எங்கள் தெரு. அந்தக் கிணற்றுக்குப் பாவம், உப்பளத்தோடுதான் சிநேகம். நாங்கள் குடிக்கக் கேன் தண்ணீர் வாங்குகிறோம், சமைக்க லாரிக்குக் குடத்தோடு ஓடுகிறோம்.

ஆனால் அதே கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று பெரிய பெரிய நாட்டுக்காரர்கள் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் மழைக்கு ஒதுங்கியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் படித்தவள், அவ்வளவுதான். அவர்கள் எழுதியது எனக்குப் படிக்க வராது. நல்லவேளை, என் நாக்குக்கும் படிக்க வராது. அது இன்னும் உப்பு என்றுதான் சொல்கிறது.

எல்லாம் என் மாடி அறைக்கு வாடகைக்கு வந்த பெண்ணிலிருந்து ஆரம்பித்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். மண்ணையும் தண்ணீரையும் பற்றிய ஆராய்ச்சிப் படிப்பு. வந்த மறுவாரம் பார்த்தால் அறைச் சுவர் முழுக்கத் தாள் ஒட்டி, கோடும் புள்ளியுமாக வரைந்து வைத்திருக்கிறாள்.

“என்னளா இது, மார்கழிக்கு முன்னாலயே கோலம் போட்டுட்ட?”

“கோலம் இல்லீங்க ஆச்சி, கிராஃப். எங்க படிப்புக்குன்னு ஒரு பெரிய பத்திரிகை இருக்கு. இத்தனை வருஷமா அதுல எதைப் பத்தி எழுதியிருக்காங்க, யார் எழுதினதை மத்தவங்க அதிகமா எடுத்துக் காட்டியிருக்காங்கன்னு பாத்துட்டிருக்கேன்.”

“எதப் பத்தி எழுதிருக்காவ?”

“முதல்ல எல்லாம் பாறை. அப்புறம் கடற்கரை மணல். அப்புறம் கடல் தண்ணி நிலத்துக்கு அடியில ஏறுறது. இப்ப சாட்டிலைட் படம்.”

“கல்லுக்கும் மண்ணுக்குமா ஃபேஷன் மாறுது? எங்க காலத்துல சேலைக்குத்தான மாறும்!”

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, அவளுக்கு எது வேண்டும் என்பதையும் சொன்னாள். அதற்குப் பெயர் சைட்டேஷனாம். இவள் ஒன்றை எழுத வேண்டும். அதை இன்னொருவர் படித்து, தன் கட்டுரையில் ‘இன்னார் இப்படிச் சொல்லியிருக்கிறார்’ என்று இவள் பெயரைப் போட வேண்டும். எத்தனை பேர் போடுகிறார்களோ அத்தனை மதிப்பு. அந்த மதிப்பு இருந்தால்தான் கல்லூரியில் வேலை.

“அவுக உம் பேரப் போட்டா நீயும் அவுக பேரப் போடணுமா?”

“கட்டாயமெல்லாம் இல்லீங்க.” கொஞ்சம் இழுத்துவிட்டு, “ஆனா போடுவாங்க” என்றாள்.

“அது சரி. பாத்திரத்த வெறுமனே திருப்பிக் குடுக்கப்பிடாதுல்லா.”

அவளுக்குப் புரியவில்லை. அதனால் என் சமையலறை மேடையில் இருந்த எவர்சில்வர் கிண்ணத்தைக் காட்டினேன். அது மைனி வீட்டுக் கிண்ணம். மைனி என்றால் என் வீட்டுக்காரரின் அக்காள், பக்கத்து வீடு. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கிண்ணம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நடந்துகொண்டிருக்கிறது. அங்கிருந்து மீன் குழம்போடு வரும், இங்கிருந்து புட்டோடு போகும். ஒன்றுமே இல்லாத நாளில் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் அனுப்புவேன். என் வீட்டுக்காரர் போன பிறகு, எனக்குப் பசிக்கிறதா என்று இந்த உலகத்தில் கேட்பதற்கு அந்தக் கிண்ணம் ஒன்றுதான் இருந்தது.

தெருக் கிணறு மைனி வீட்டு முற்றத்தில்தான் இருக்கிறது. ஆராய்ச்சிப் பெண் சுற்று வட்டாரக் கிணறுகளில் எல்லாம் தண்ணீர் பிடித்துச் சோதிக்க வேண்டும். மழைக்குப் பின் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை. எல்லாக் கிணற்றுக்கும் அவளே போக முடியாதாம். வீட்டுக்கு வீடு வெள்ளை பாட்டில் கொடுத்துச் சொல்லிக் கொடுத்தாள்: அதே தண்ணீரால் பாட்டிலைக் கழுவு, விளிம்புவரை நிரப்பு, காற்றுக் குமிழ் இருக்கக் கூடாது, மூடியை இறுக்கு. மைனி பூசை மந்திரம் கேட்பதுபோலத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

“இது எங்க போவும் தாயி?” என்று மட்டும் கேட்டாள்.

“லேபுக்குங்க. அப்புறம் பத்திரிகையில வரும். உலகம் பூரா பாப்பாங்க.”

கோடைச் சோதனையும் முடிந்தபின் ஒரு நாள் அந்தப் பெண் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தாள்.

“ஆச்சி! மத்த கிணறு எல்லாம் உப்புங்க. உங்க மைனி வீட்டுக் கிணறு மட்டும் நல்ல தண்ணி!”

“உனக்கு வேப்பிலை அடிக்கணும். போயி ஒரு மடக்குக் குடிச்சிட்டு வா.”

“மேல உப்பா இருக்கும் ஆச்சி. மணலுக்கு அடியில நல்ல தண்ணி தங்குற இடம் உண்டுங்க, செம்மணல் தேரிக்காட்டுல எல்லாம் இருக்கு. நாக்கு சொல்றதை எழுத முடியாது. பாட்டில் சொல்றதைத்தான் எழுதணும்.”

சொல்லிக்கொண்டே அண்ணாந்து மாடியைப் பார்த்தாள். அங்கே சுவரில் அவள் கோலம் இருக்கிறது. கடற்கரைக் கிணறு உப்பாகிறது என்று எழுதாத ஆளே இல்லையாம். கடலுக்குப் பக்கத்தில் நல்ல தண்ணீர் என்றால், அது புதுசு. எல்லாரும் எடுத்துக் காட்டுவார்கள். கிணறு இருப்பது சுவருக்கு அந்தப் பக்கம். செருப்புப் போடாமலே போய்விட்டு வரலாம். அவள் போகவில்லை.

கட்டுரை வந்தது. தாள் தாளாக அச்செடுத்து எனக்கும் மைனிக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். அதன் பிறகு சாயங்காலம் ஆனால் மொபைலை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து உட்கார்ந்துவிடுவாள். மீன் ஏலக்கடைக்கு எத்தனை கூடை வந்தது என்று கேட்பதுபோல நானும் கேட்பேன்.

“இன்னைக்கு யாரு போட்டிருக்கா?”

“சீனாக்காரங்க ஆச்சி.”

“குடிக்காமலே ருசி கண்டுபிடிச்சிட்டானே! கெட்டிக்காரன்தான்.”

கேலி செய்தேனே தவிர, எனக்குப் பெருமைதான். என் மாடியில் இருந்து எழுதிய பெண் அல்லவா? அவள் அறையைக் காலி செய்து போகும்போது அழுதேன். அவளும் அழுதாள். ஒரு வெள்ளை பாட்டிலைப் பரணிலேயே மறந்துவிட்டுப் போனாள்.

அடுத்த தை மாதம் மைனியின் பேரனுக்குக் கல்யாணம் ஆனது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற பையன். பெண் சாத்தான்குளம். வந்த பெண் நல்ல துடிப்பு; பேரன் பெண்டாட்டிதான், ஆனால் மருமகள் பிள்ளை என்றுதான் கூப்பிடுவோம். என் மடியில் தலை வைத்துப் படுக்கிற அளவுக்கு ஒட்டிக்கொண்டாள்.

அதற்கப்புறம்தான் தெருக்கூட்டம் வந்தது. வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் போடப் போகிறார்கள். கோயில் பந்தலில் உட்காரவைத்து இன்ஜினியர் பேசினார். பக்கத்துத் தெரு உண்டு, அதற்கடுத்த தெரு உண்டு. எங்கள் தெரு இல்லை.

“உங்க தெருவுல நல்ல நிலத்தடி நீர் இருக்கும்மா. அதனால அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளி வச்சிருக்கோம்.”

“எந்த எடுவட்ட பய சார் சொன்னான்?”

“ஒருத்தர் சொல்லலைம்மா. நிறைய ஆராய்ச்சிக் கட்டுரையில இருக்கு.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நிறையக் கட்டுரை இல்லை, ஒரே கட்டுரை. ஒரு பெண் சொன்னதை ஆளாளுக்குத் திருப்பிச் சொல்ல, ஊரே சொன்ன மாதிரி ஆகிவிட்டது. வந்து குடித்துப் பாருங்கள் என்று கூப்பிட்டேன். அவர் பொறுமையான மனுஷன். “நீங்க சொல்றத வச்சு ஃபைலை மாத்த முடியாதும்மா. அந்தக் கட்டுரையை எழுதினவங்களே தப்புன்னு எழுதிப் போட்டா, அத வச்சு நான் கேக்கலாம்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். வாய்க்கு வந்தபடி கேட்டேன். சோறு போட்ட வீட்டுக்குக் குழாய் இல்லாமல் செய்துவிட்டாயே என்று கேட்டேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு மெல்லச் சொன்னாள்:

“நான் பொய் எழுதல ஆச்சி. பாட்டில்ல இருந்ததுதான் எழுதினேன். பாட்டிலை நிரப்பினது யாருங்க?”

போனை வைத்துவிட்டு மைனி வீட்டுக்குப் போனேன். மைனி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மருமகள் பிள்ளை கிணற்றடியில் துணிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீரில் நுரையா வரும்?

“மைனி, அந்தப் புள்ள குடுத்த பாட்டில்ல எந்தத் தண்ணிய ஊத்துனீய?”

கை நிற்கவில்லை. கீரையைப் பார்த்தபடியே சொன்னாள்: “கேன் தண்ணி.”

“ரெண்டு தடவயுமா?”

“ஒரு தடவ நல்லதும் ஒரு தடவ உப்புமா ஊத்துனா கண்டுபிடிச்சிருவாவல்லா.”

எனக்குப் பொலபொலவென்று கண்ணில் நீர் வந்தது. அவள் அப்போதுதான் நிமிர்ந்தாள்.

“என்னளா அழுத? உனக்குத் தெரியாதா? பொண்ணு குடுக்க வந்தவுக முதல்ல எங்கன போவாவ? கிணத்தடிக்கு. ஆறுமுகநேரிக்காரன் ஒருத்தன் ஒரு வாய் அள்ளிக் குடிச்சிட்டு, போட்ட காப்பியக்கூடத் தொடாமப் போனானே, நீயும் பாத்துக்கிட்டுதான இருந்த? அந்தப் புள்ள உலகம் பூரா பாப்பாவன்னு சொல்லுது. என் வீட்டுத் தண்ணி உப்புன்னு உலகத்துக்கே தண்டோரா போட்டுட்டு, எம் பேரனுக்கு நான் எந்த ஊர்ல போயிப் பொண்ணு கேக்க?”

கிணற்றடியிலிருந்து மருமகள் பிள்ளை சொன்னது: “எங்க அப்பா கிணத்தடிக்கு வரத்தான் எந்திரிச்சாவ ஆச்சி. இந்தப் பெரியாச்சிதான், கிணத்துல தூர் வாருதோம், இன்னைக்கு இறைக்கப்பிடாதுன்னு பலகை போட்டு மூடிட்டாவ. அந்த இங்கிலீஷ் பேப்பர லேமினேஷன் பண்ணி, சாமி படத்துக்குப் பக்கத்துல இருந்து எடுத்துக் காட்டுனாவ. எங்க அப்பாவுக்கு இங்கிலீஷ்னா பயம். கும்பிட்டுட்டு வெத்தல பாக்கு மாத்திட்டாவ.”

“நல்ல மாப்பிள்ளதான கெடச்சான் ஒனக்கு?” என்றாள் மைனி.

“மாப்பிள்ளயவா குடிக்க முடியும்?”

வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு வாய் கோணியதோடு சரி.

“தெருவுக்கே குழாய் இல்லாமப் போச்சே மைனி. எனக்காவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?”

“உங்கிட்டயா? நீ அதயும் ஒரு ஜோக்காக்கி லாரிக்கு நிக்கவுக கிட்ட எல்லாம் சொல்லிருவ.”

அதுதான் குத்தியது. குழாய் போனதைவிட அது குத்தியது. இத்தனை காலக் கிண்ணத்துக்கு அவள் என்னைப் பற்றி வைத்திருந்த கணக்கு அவ்வளவுதான்.

மறுபடி அந்தப் பெண்ணிடம் பேசி, நடந்ததைச் சொன்னேன்.

“தப்புன்னு நீ எழுதிப் போடணும் தாயி. நீ எழுதுனாத்தான் குழாயாம்.”

“எழுதறேன் ஆச்சி. கண்டிப்பா எழுதறேன். அடுத்த வாரம் வேலைக்கு இன்டர்வியூ. என்கிட்ட இருக்கறதே அந்த ஒரு கட்டுரைதானுங்க. அது மட்டும் முடியட்டும்.”

சரி என்றேன். என் மாடியில் மகள் மாதிரி இருந்தவள்தானே. இன்டர்வியூ முடிந்தது. வேலை கிடைத்தது, அவளே போன் செய்து சந்தோஷமாகச் சொன்னாள். எப்போது எழுதுவாய் என்று கேட்டேன். சேர்ந்த கையோடு எழுதினால் நன்றாக இருக்காது, கொஞ்சம் போகட்டும் என்றாள். அதற்குப் பிறகு போன் அடிக்கிறது, எடுப்பார் இல்லை.

யோசித்துப் பார்த்தால் மைனிக்கும் அவளுக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டு பேர் வீட்டு வாசலிலும் ஆள் வந்து நின்றது. இரண்டு பேரும் கிணற்றைப் பலகை போட்டு மூடிவிட்டார்கள். ஒருத்திக்கு மருமகள் வந்தாள், ஒருத்திக்கு உத்தியோகம் வந்தது. நான்தான் குடத்தோடு லாரிக்கு நிற்கிறேன்.

மருமகள் பிள்ளை அவ்வப்போது மொபைலில் பார்த்துச் சொல்லும்: “ஆச்சி, இன்னும் ஒருத்தவுக போட்டிருக்காவ.” திருத்தம் ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்பேன். இல்லை.

போன வாரம் மைனி வீட்டிலிருந்து கிண்ணம் வந்தது. சண்டைக்குப் பிறகு முதல் தடவை. உள்ளே நெய்மீன் குழம்பு, நடுக்கண்டமாகப் பார்த்துப் போட்டிருந்தாள். சாப்பிட்டேன். குழம்போடு எனக்கு என்ன பகை? பிறகு கிண்ணத்தைக் கழுவி, அவள் முற்றத்துக் கிணற்றிலேயே ஒரு வாளி இறைத்து, விளிம்புவரை நிரப்பி, அவள் முன்னால் வைத்தேன்.

“வெறுமனே குடுக்கப்பிடாதுல்லா மைனி.”

அவள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை, அவ்வளவு அழுத்தம்! அவள் குடித்ததைப் பார்த்ததும்தான் எனக்குப் பரணில் இருந்த பாட்டில் ஞாபகம் வந்தது.

எடுத்து வந்து, சொல்லிக்கொடுத்த மாதிரியே செய்தேன். அதே தண்ணீரால் கழுவினேன். விளிம்புவரை நிரப்பினேன். மருமகள் பிள்ளை துண்டுத் தாளில் தேதியும் ‘தெருக் கிணறு’ என்றும் எழுதி ஒட்டியது. பின்னாலிருந்து மைனியின் குரல் வந்தது: “மூடிய நல்லா இறுக்குளா, வழியில சிந்திரப் போவுது.”

பார்சல் ஆபீஸ் அண்ணாச்சி ஆட்டிப் பார்த்துவிட்டு, “உள்ள என்ன ஆச்சி, தண்ணியா?” என்றார்.

“தீர்த்தம்” என்றேன். “வேலை கெடச்ச புள்ளைக்கு.”

கிடைத்துவிட்டது என்று அண்ணாச்சி கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னார். கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாளாம். பக்கத்துத் தெருவில் குழாய்க்குக் குழி தோண்டி முடித்து, எங்கள் தெரு முனையில் மண்ணைக் குவித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவள் போன் இன்னும் அடித்துக்கொண்டே இருக்கிறது. பாத்திரம் இப்போது அவளிடம் இருக்கிறது. அதில் வைத்து அனுப்ப வேண்டியது ஒரு பக்கக் காகிதம்தான்.