மனை பார்க்கப் போன ஞாயிறுகள்

மனைவி இறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சேலையூர் வீட்டில் இருக்க முடியவில்லை. மனை காட்ட அழைத்துப்போகும் இலவச வேனில் ஏறிவிடுவேன். ஒரு வாரம் மலையடிவாரம், மறுவாரம் ஏரிக்கரை. எதைப் பார்த்தாலும் மனத்தில் ஒட்டவில்லை. கூட வரும் விற்பனைத் தம்பி விலை சொன்னால், "வீட்ல கேட்டு சொல்றேன்" என்று தப்பித்துவிடுவேன்.

ஒருநாள் அவர், "அடுத்த வாரம் கடல் பக்கம் சார். மேடத்தையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

"அவங்க இல்லப்பா. நான் இடம் வாங்கவும் வரல."

கோபப்படுவார் என்று நினைத்தேன். சாப்பாட்டுப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை போன் செய்தார். "சார், ஜன்னல் சீட்டு உங்களுக்கு வெச்சிருக்கேன். இடம் வாங்கணும்னு இல்ல. சும்மா வந்து கடலைப் பாருங்க."

பழக்கத்தில், "வீட்ல கேட்டு" என்று தொடங்கிவிட்டேன். காரியத்தன்றுகூட வராத அழுகை அப்போது வந்தது. அவர் போனை வைக்காமல் காத்திருந்தார்.