பூஜைக்கு வைத்த டேப்லெட்

எங்கள் வீடு சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு. முன்னறையில் அவர் கட்டில். அடுக்களை கடைசியில். முன்னறையில் ஒருவர் முனகினால் அடுக்களைக்குக் கேட்காது. மிக்ஸி ஓடும்போது கத்தினாலும் கேட்காது.

அவரால் கத்தவும் முடியாது. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் கூடவே போய்விட்டது. மிஞ்சியது இடது கை. அதிலும் ஒரு விரல்தான் சொன்னபடி கேட்கும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பார். கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே ஒரு "இந்தா". நானும் அவர் பேரை வாயால் சொன்னதில்லை. இப்போது எழுதவும் கை வரவில்லை. அந்த "இந்தா" நின்ற பிறகுதான் வீடு எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரிந்தது.

மகன் வெளிநாட்டில் இருக்கிறான். அப்பாவைப் பார்க்க லீவில் வந்தவன், முன்பு தான் உபயோகித்து இங்கே போட்டுவிட்டுப் போயிருந்த டேப்லெட்டைத் துடைத்து, கட்டிலோடு ஒரு தாங்கி வைத்துப் பொருத்தினான். அடுக்களை பல்பையும் முன்னறை விசிறியையும் அதிலிருந்தே போட்டு அணைக்கும்படி செய்தான். கண்ணாடியில் இரண்டு பெரிய கட்டம். ஒன்றில் பல்பு, ஒன்றில் விசிறி. விரலை வைத்தால் போதும். அப்பா தன் கையால் விசிறி போட்டுக்கொள்ளட்டும் என்பதுதான் அவன் எண்ணம். பல்பு சும்மா, போகிற போக்கில் மாட்டியது.

அவர் அதில் வேறு வழி கண்டுபிடித்தார். மகன் திரும்பிப் போன பிறகு ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தலைக்கு மேல் விளக்கு அணைந்தது, எரிந்தது, மறுபடி அணைந்தது. பல்பு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அவரிடம் சொல்ல முன்னறைக்குப் போனேன். அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயின் ஒரு ஓரம் மேலே ஏறியிருந்தது. நோய்க்குப் பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. அவருக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து விளக்குதான் அவருடைய "இந்தா". தண்ணீருக்கு ஒரு இமைப்பு. புரட்டிப் படுக்க வைக்க அடுத்தடுத்து. படுக்கையை நனைத்துவிட்டால் அணைந்தது அணைந்தபடியே நிற்கும். அது கூச்சத்தில் செய்வது என்று எனக்குத் தெரியும். எனக்கும் ஆள் முன்னால் பேச வராது. கடைக்காரர்கள் யாராவது அவரைப் பார்க்க வந்தால் நான் உள்ளே போய்விடுவேன். அவர் அவர்களைப் பார்த்துக்கொண்டே விரலை வைப்பார். உள்ளே விளக்கு இமைக்கும். நான் காப்பியோடு போவேன். வந்தவர்களுக்கு ஒன்றும் புரியாது.

காலையில் அவரைக் குளிப்பாட்ட ஒரு மலையாளத்துப் பெண் வருவாள். அவளுக்கு இது பெரிய தமாஷ்.

"அச்சன் வெளக்கு மினுக்கினா அம்ம பறந்தல்லோ போகுது. என்றெ ஆளு தொண்ட பொட்டி விளிச்சாலும் நான் திரும்பமாட்டேன், கேட்டோ" என்பாள்.

அவள் புருஷன் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் அவள் திரும்ப மாட்டாளாம். எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனால் அவள் சொன்னது பொய்யில்லை. அவர் வாயால் கூப்பிட்ட நாளில்கூட நான் அப்படி ஓடியதில்லை.

சாலையில் அவருக்கு இரும்புச் சாமான் கடை இருந்தது. நவராத்திரியில் பூஜை வைக்கிற நாள் வந்தால் தராசு, ஸ்பானர், அளக்கிற டேப் எல்லாவற்றையும் கழுவிப் படத்துக்கு முன்னால் வைப்பார். விஜயதசமி காலையில் எடுக்கிறவரை எதையும் தொடக் கூடாது. பிள்ளைகள் புத்தகம் தொடக் கூடாது, கடையில் ஒரு ஆணி விற்கக் கூடாது. அந்த விஷயத்தில் கண்டிப்பான மனிதர். கடையைக் கொடுத்த பிறகு வைப்பதற்கு ஒன்றும் இல்லை. அளக்கிற டேப் ஒன்றுதான் வீட்டில் கிடந்தது. அதை மட்டும் வருஷா வருஷம் பூஜைக்கு வைத்துக்கொண்டிருந்தேன்.

போன நவராத்திரியில் பூஜைக்கு எல்லாம் எடுத்து வைக்கும்போது அவர் விளக்கை இமைத்தார். போனேன். விரலால் டேப்லெட்டைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். எனக்கு முதலில் பிடிபடவில்லை.

"இதையுமா?" என்று கேட்டேன்.

கண்ணை மூடித் திறந்தார். ஆமாம் என்று அர்த்தம்.

தனக்கும் ஒரு ஆயுதம் இருக்கிறது என்று அவருக்கு எண்ணம். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தாங்கியிலிருந்து கழற்றி, பின்பக்கத்தில் சந்தனம் தொட்டுக் குங்குமப் பொட்டு வைத்தேன். பூஜையில் வைத்தது வேலை செய்யக் கூடாதே என்று பக்கத்துப் பொத்தானை அழுத்தி முழுக்க அணைத்தேன். பூஜை எடுக்கிற வரைக்கும் பெரும்பாலும் அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். சமையல்கூட அவசரமாகத்தான்.

விஜயதசமி காலையில் தட்டில் அரிசி பரப்பி அவர் விரலைப் பிடித்து எழுத வைத்தேன். பிறகு டேப்லெட்டைத் தாங்கியில் மாட்டி உயிர் கொடுத்தேன். அவர் விரலை வைத்தார். கட்டங்கள் வரவில்லை. வெள்ளையாக ஒரு பக்கம் வந்தது, அதில் இங்கிலீஷில் ஏதோ எழுத்து. கீழே இருந்த பொத்தானை அழுத்தினால் அதுவும் போய்விட்டது. திரும்பத் திறந்தால் திரும்ப அதே. நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு. மலையாளம் பஸ் போர்டு படிக்கிற அளவுக்கு. முன்னால் சில நாளாகவே ஒரு மஞ்சள் பட்டை மேலே வந்துகொண்டிருந்தது. விளம்பரம் என்று அவர் விரலால் ஒதுக்கிவிடுவார், நானும் அப்படியே நினைத்தேன்.

மத்தியானம் வரை அவர் அழுத்திக்கொண்டே இருந்தார்.

மகனைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைப் போனில் காட்டினேன். படித்துவிட்டு, பழைய டேப்லெட்டுகளில் இனி விளக்கு போடுகிற அந்த ஆப் ஓடாதாம், மஞ்சள் பட்டையும் அதைத்தான் சொல்லியிருக்கும் என்றான். பிறகு கேட்டான்.

"ஏம்மா, அத எதுக்கு அணைச்சீங்க?"

"பூஜைக்கு வச்சோம்லா. அப்பாதான் வைக்கச் சொன்னாங்க."

"டேப்லெட்டயா?"

திறந்தபடியே கிடந்திருந்தால் இன்னும் சில நாள் ஓடியிருக்குமோ என்னவோ, சொல்ல முடியாது என்றான். போனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டுதான் நான் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். உள்ளே போய்ப் பேசியிருக்க வேண்டும்.

மறுநாள், அவரைக் குளிப்பாட்டுகிற பெண்ணை இருக்கச் சொல்லிவிட்டு, டேப்லெட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பழவங்காடிக்குப் போனேன். பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, மொபைல் ரிப்பேர் கடையில் கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நின்றேன். கூட்டம் குறையவே இல்லை. கடைசியில் கடைக்காரரே என்ன வேண்டும் என்று கேட்டார். பொட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே திறந்து பார்த்தார்.

"இதுக்கு ஒரு குழப்பமும் இல்லம்மா. நல்ல சாதனம். ஆப்புதான் இனி இதுல வராது."

"கேடு ஒண்ணும் இல்லையா?"

"இல்லன்னு சொன்னேனே. பழைய மாடல். கம்பெனி நிறுத்தியாச்சு."

கேடாக இருந்தால் சரிபண்ணச் சொல்லலாம். கேடே இல்லை என்றால் என்ன கேட்பது? எங்கள் கடைக்கு வழக்கத்தில் இல்லாத அளவு போல்ட்டைக் கேட்டு யாராவது வந்தால் அவர் பின்கட்டுக்குப் போய்ப் பெட்டி பெட்டியாகத் தேடுவார். இங்கே தேடுவதற்குப் பின்கட்டு இல்லை. அந்த மனிதர் நல்லவிதமாகத்தான் பேசினார். புதிது வாங்குங்கள் என்றார்.

மகன் புதிது வாங்கி அனுப்பினான். அதில் ஆப் வந்தது. ஆனால் கட்டங்கள் இல்லை. முதலில் வீட்டு அறைகள், அதற்குள் போனால் சின்னச் சின்ன வட்டம். மகன் வீடியோவில் வந்து எவ்வளவோ பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். முன்பு விரலை எவ்வளவு நேரம் வைத்தாலும் விளக்கு இமைக்கும். இதில் தொட்டவுடன் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற இன்னொரு பக்கம் வந்துவிடும். அவர் விரல் வைத்தால் வைத்ததுதான். அவ்வளவு சீக்கிரம் எழும்பாது.

ஒரு சாயங்காலம் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். விளக்கு மங்கிக்கொண்டே வந்து கனல் மாதிரி நின்றது. ஓடினேன். அவர் விரல் கண்ணாடியில் கீழ்நோக்கி இழுபட்டுக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். வேஷ்டி நனைந்திருந்தது. அதற்குப் பிறகு அந்தப் புது டேப்லெட்டை அவர் தொடவில்லை.

குளிப்பாட்டுகிற பெண் ஒரு காலிங் பெல் வாங்கி வந்து பொத்தானை அவர் கைக்குள் வைத்தாள். லேசாக அழுத்தினாலே அடிக்கும். அழுத்தினார். அடுக்களையில் குருவி கத்துகிற மாதிரி சத்தம். நான் வந்து நின்றேன். அவர் அந்தப் பொத்தானைப் படுக்கையிலிருந்து மெல்லத் தள்ளித் தரையில் விழவிட்டார். கடையில் மேஜை மணியைத் தட்டித்தான் அவர் மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்களைக் கூப்பிடுவார். என்னை மணியடித்துக் கூப்பிட்டதில்லை. எடுத்து மறுபடி கையில் வைத்தாள் அவள். மறுபடி தள்ளினார்.

"வாசி தான்" என்று அவள் சொன்னாள். பிடிவாதம் என்று அர்த்தம்.

பழைய டேப்லெட்டை விரலால் காட்டிக் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது அது சார்ஜ் இல்லாமல் கறுப்பாக அவர் பக்கத்தில் கிடக்கிறது. போன வாரம் தற்செயலாக முன்னறைக்குப் போனபோது, அந்தக் கறுப்புக் கண்ணாடியில், முன்பு பல்புக் கட்டம் இருந்த இடத்தில், விரலை வைத்திருந்தார். என்னைக் கண்டதும் வாயின் ஓரம் மேலே ஏறியது. அவர் கூப்பிட்டார், நான் வந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தேன். இது ஓடவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

சொல்லாமல் விட்டதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர் இப்போது அதில்தான் கூப்பிடுகிறார். நான் அந்த நேரத்தில் வந்தால் வந்தேன். வராவிட்டால், கூப்பிட்டும் வரவில்லை என்று நினைத்துக் கிடக்கிறார். நேற்று துணி காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால் படுக்கை நனைந்து குளிர்ந்தே போயிருந்தது. விரல் கண்ணாடியில் இருந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஓடவில்லை என்று அப்போது சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை.

முடிந்தவரை கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறேன். ஆனாலும் சோறு பொங்க வேண்டும், குழம்பு வைக்க வேண்டும். அடுப்பில் எது இருந்தாலும் அடிக்கொரு தரம் தலையைத் தூக்கிப் பல்பைப் பார்த்துக்கொள்கிறேன். பழகிவிட்டது. முன்னறையில் அவர் கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம், தூங்கிக்கொண்டும் இருக்கலாம். பல்பு அசையாமல் எரிந்துகொண்டிருக்கிறது.