மேலே லைன் விழுந்த வாரம்

ஆடி மாதத்தில் போடியில் காற்றுதான், மழையெல்லாம் மலைமேல். அந்தக் காற்றுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு டெலிபோன் பூத்துக்குள் நின்றால், முன்னால் பேசிவிட்டுப் போனவரின் வெற்றிலை வாடை ரிசீவரிலிருந்து மூக்கில் ஏறும். அதற்குப் பின்னால் அம்மாவின் குரல் வரும் என்பதால் எனக்கு அந்த வாடை பிடித்திருந்தது.

அப்பா தவறிய பிறகு, மலைமேல் போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கப் போனாள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை ஜீப்பேறினால் சனிக்கிழமைதான் இறங்குவாள். நான் பெரியம்மா வீட்டில் தங்கி நாலாம் வகுப்பு படித்தேன். பெரியம்மா ஊருக்குள் ஏலக்காய் சேர்த்துவைக்கும் கிட்டங்கியில் காய் பொறுக்கிவிட்டு இருட்டும் நேரத்தில் வருவாள். அதுவரை வீட்டில் நான் மட்டும்தான்.

"லைன்ல எடம் குடுத்துருக்காக ஆத்தா, அங்கனயே தங்கிக்கிருவேன்" என்று அம்மா முதலில் சொன்னபோது எனக்குக் குழப்பமாக இருந்தது. இங்கிலீஷ் வகுப்பில் லைன் என்றால் கோடு, பிரேயரில் லைன் என்றால் வரிசை. இதில் எதில் படுத்துத் தூங்குவாள்? ஒரே தகரக் கூரையின் கீழ், பொதுச் சுவர் வைத்து நீளமாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளுக்கும் அதுதான் பெயர், மலையாளத்துக்காரர்கள் "லயம்" என்பார்கள் என்று அவள் விளக்கினாள். அத்தோடு அந்தச் சொல் முழுவதும் தெரிந்துவிட்டதாக நினைத்தேன்.

புதன்கிழமை தோறும் பெரியம்மா சீக்கிரமே வந்துவிடுவாள், அவளோடு போய் எஸ்டேட் ஆபீசுக்குப் போன் போடுவோம். அம்மா அங்கே காத்திருப்பாள். ஒரு புதனன்று பெரியம்மா வரத் தாமதமாகவே நானே பூத்துக்குப் போனேன். பூத்துக்காரர் மூன்று முறை நம்பரை அழுத்திப் பார்த்துவிட்டு வைத்தார்.

"மேல லைன் போச்சு பாப்பா. நேத்து மழைக்கு எல்லாம் விழுந்து கெடக்காம். வெரசா வீட்டுக்குப் போ."

அவர் அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார். நான் எப்படி வீடு வந்தேன் என்று நினைவில்லை. பெரியம்மா வந்து, "பேசுனியா, என்ன சொன்னா?" என்றாள். "நல்லாருக்காளாம்" என்றேன். விஷயத்தை வாயால் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயம். வியாழனும் வெள்ளியும் அந்தப் பொய்யைத் தனியாகச் சுமந்துகொண்டு பள்ளிக்குப் போய் வந்தேன். மழையில் கிடக்கும் தகரமே கண்ணுக்குள் நின்றது.

சனிக்கிழமை ஜீப்பு ஸ்டாண்டில் போய் நின்றேன். இரண்டு ஜீப்பு வந்து ஆள் இறக்கிப் போயின. மூன்றாவதிலிருந்து அம்மா இறங்கினாள்.

"என்னடி ஆத்தா, பேயப் பாத்த மாதிரி பாக்குற?"

"லைன் விழுந்துருச்சாம்ல?"

"ஆமா, மரஞ் சாஞ்சு கம்பி அறுந்துபோச்சு. நாலு நாளா போனே இல்ல."

 கால் வலிக்கிறதென்று அழுதேன். ஒன்பது வயதுப் பிள்ளையை அவள் இடுப்பில் தூக்கிக்கொண்டு வீடுவரை நடந்தாள்.

அந்த பூத்து இன்று இல்லை. அந்த லயத்தையும் இடித்துவிட்டார்கள். அம்மா என்னோடுதான் இருக்கிறாள். இத்தனை வருடம் கழித்துப் போன மாதம்தான் அவளிடம் இதைச் சொன்னேன்.

"பெரியம்மாட்டயாச்சும் கேட்டுருக்கலாம்ல?"

"அவ ஆமான்னு சொல்லிருந்தா?"

 அம்மா சொன்னாள்: "அன்னைக்கு நானும் ஆபீஸ் வாசல்ல நின்னேன்டி. லைன் இல்ல, போம்மான்னாக. கேக்காம இருட்டுற வரைக்கும் நின்னேன்."