‘உடு’ என்றொரு சத்தம்

விளக்கெண்ணெய் வாசம் எனக்கு இன்றுவரை மருந்தை நினைவூட்டுவதில்லை, பந்தைத்தான் நினைவூட்டுகிறது. எங்கள் காலத்துக் கால்பந்து தோலால் ஆனது. காற்றடைத்தபின் அதன் வாயை வார் கோத்து இறுக்கிக் கட்ட வேண்டும். மணலில் உருண்டு காய்ந்து வெடித்துவிடாமலிருக்க, கிழிந்த துணியில் விளக்கெண்ணெய் தொட்டு அதன்மேல் அழுந்தத் தேய்ப்போம். மழையில் நனைந்த பந்தைத் தலையால் முட்டினால் நெற்றியில் வாரின் தடம் பதிந்துவிடும். எண்ணெயும் சேறும் கலந்த அந்த வாசம் மறுநாள் வகுப்பறைவரை கூடவே வரும்.

பரமத்தி வேலூரில், வெற்றிலைக் கொடிக்கால்கள் முடிந்து காவிரி மணல் தொடங்கும் இடத்தில் எங்கள் மைதானம் இருந்தது. மைதானம் என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம். ஊராருக்கு அது ‘பொட்டல்’. கோல் கம்பங்கள் மூங்கில், வலை கிடையாது. என் அப்பாவுக்கு வெற்றிலை மண்டி. காலை ஏலத்தின் கூச்சல் ஓய்ந்ததும் அவருக்கு மிச்சப் பொழுதெல்லாம் பந்துதான். வாழ்நாளில் ஒரு முறைகூடப் பந்தை உதைத்தவரல்லர். ஆனால் பந்து வாங்குவது, காலுக்குக் கட்டுத்துணி வாங்குவது, வெளியூர் அணிகளை ஆட்டத்துக்கு அழைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மண்டியிலிருந்து மர நாற்காலி ஒன்றைத் தூக்கி வரச்சொல்லி, பொட்டலின் ஓரத்தில் போட்டு உட்கார்ந்துகொள்வார். நான் கோல்கீப்பர். செங்கோடன் எனக்கு முன்னால் நின்று தடுத்தாடும் ‘பேக்கு’.

செங்கோடனுக்கு என் வயதுதான். அவன் அப்பா குத்தகைக்குக் கொடிக்கால் வைத்திருந்தார். கிள்ளிய வெற்றிலையைக் கட்டுகளாகக் கட்டி எங்கள் மண்டிக்குத்தான் கொண்டுவருவார்கள். கொடியில் கால் படாமல் வாய்க்காலுக்குள் நடந்து பழகியதால்தானோ என்னவோ, எதிராளியின் காலில் படாமல் பந்தை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு வந்துவிடுவான். மண்டியில் என்னைப் பார்த்தால் ‘வாங்க’ என்பான், ‘சொல்லுங்க’ என்பான். அது மண்டிக்காரர் மகனுக்குக் கொடுத்த மரியாதை. பொட்டலில் கால் வைத்ததும் ‘டேய், இங்க குடுடா’ என்பான். சுண்ணாம்புக் கோடுகூட இல்லாத அந்த மைதானத்தின் எல்லை எது என்பதை எனக்குச் சொன்னது அந்த ‘டா’தான்.

எனக்கு அவன்மேல் பொறாமை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பந்தாட்டத்தில் அவன் கெட்டிக்காரன் என்பதற்காக அல்ல. என் அப்பா அவனைச் ‘சாமி’ என்று கூப்பிட்டதற்காக. எங்கள் பக்கத்தில் பெரியவர்களையும் சாமி என்போம், பிள்ளைகளையும் சாமி என்போம். பிரியம் வந்தால் வாயில் தானாக விழுகிற சொல் அது. என் அப்பாவின் வாயில் அது செங்கோடனுக்கு மட்டுமே விழுந்தது. ‘கால் வலிக்குதா சாமி?’ ‘சாப்பிட்டயா சாமி?’ எனக்கு எப்போதும் ‘டேய்’தான். இரவுச் சாப்பாட்டின்போது உப்பு மரவை என்கிற மரக்கிண்ணத்தைக் கோல் என்று வைத்து, தண்ணீர் டம்ளரைச் செங்கோடன் என்று நகர்த்தி, அன்றைக்கு அவன் பந்தை எடுத்த விதத்தை அம்மாவுக்குக் காட்டுவார். ஒருநாள் நான் பொறுக்க முடியாமல் உப்பு மரவையைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

“நீ எங்கடா நின்னே?” என்றார்.

“கோல்ல.”

“ஆமா, நீயும் இருந்தீல்ல” என்று சொல்லிவிட்டு டம்ளரை நகர்த்தினார்.

இங்கே எங்கள் ஆட்டத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ‘விடு’ என்பதை எங்கள் பக்கத்தில் ‘உடு’ என்போம். உயரமாக வரும் பந்தைப் பார்த்துக் கீப்பர் ‘உடு!’ என்று கத்தினால், ‘நான் பிடித்துக்கொள்கிறேன், நீ விலகு’ என்று பொருள். திரும்பிப் பார்க்காமல், யோசிக்காமல் விலகிவிட வேண்டும். கீப்பருக்கு அணியில் இருந்த ஒரே அதிகாரம் அது. ஆனால் அதே சொல்லுக்கு ஊரில் நேர் எதிரான இன்னொரு பொருளும் உண்டு. ‘ஓங்கி ஒரு ஒத உடு’, ‘ரெண்டு அறை உடு’ என்று சொல்லும்போது, உடு என்றால் கொடு. மைதானத்தில் குழப்பம் வரக்கூடாது என்று, உதைக்கச் சொல்வதற்கு நாங்கள் ‘அடி’ என்றே கத்துவோம். இது ஆடுகிற எங்களுக்குத் தெரியும். வேடிக்கை பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

அந்த வருடம் காணும் பொங்கலுக்கு, ஈரோட்டுப் பக்கத்து நூற்பாலை ஒன்றின் அணியை அப்பா சிநேக ஆட்டத்துக்கு அழைத்திருந்தார். லாரியில் வந்து இறங்கினார்கள். எல்லாரும் வளர்ந்த ஆட்கள். காலில் பூட்ஸ், முழங்கால்வரை ஒரே நிறத்தில் காலுறை. எங்கள் வெறுங்கால்களைப் பார்த்து அவர்களில் ஒருவர் சிரித்தார்.

“ஏந் தம்பி, மிதிச்சுப்புட்டா ஊட்டுக்கு ஓடி அழுவக்கூடாது.”

“நீங்க மிதிக்கறதுக்குள்ள பந்து அங்கிருக்காதுங்க” என்றான் செங்கோடன். கூட்டம் விசிலடித்தது.

சிநேக ஆட்டம் என்பது பேருக்குத்தான். நன்றாக ஆடுகிற பையன் கண்ணில் பட்டால் அந்த ஆலையில் வேலை கொடுத்து அணியில் சேர்த்துக்கொள்வார்கள் என்பது ஊருக்கே தெரியும். செங்கோடனுக்கும் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் பந்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான்: “மில்லுல எடுத்துக்கிட்டாங்கன்னா எங்கப்பனக் கொடிக்கால உட்டுக் கரையேத்திருவேன்டா. ஈரத்துலயே நின்னு நின்னு காலெல்லாம் சேத்துப்புண்ணு. அதப் பாக்க முடியலடா.” நான் துணியைப் பிழிந்து அவனிடம் நீட்டினேன். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. நான் கல்லூரிக்குப் போவது என்பது அப்போதே முடிவாகியிருந்தது. அந்த வேலை எனக்கு எந்த வகையிலும் வேண்டாதது.

முதல் பாதி முழுக்கச் செங்கோடனின் ஆட்டம். பூட்ஸ் கால்களுக்கு நடுவே அவன் பாதங்கள் மீன்போலப் புகுந்து வெளியே வந்தன. மற்ற ஊர்களில் கோல்மேல் கோல் போட்டுவிட்டு வந்த அந்த அணி, எங்களிடம் ஒன்றுகூடப் போட முடியாமல் திணறியது. எனக்கு வேலையே இல்லை. இரண்டு மூங்கில்களுக்கு நடுவில் நின்று அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் பொங்கல் கரும்பைத் துண்டு போட்டு வைத்திருந்தார்கள். ஒரு துண்டை எடுக்க அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் போனேன். பக்கத்து நாற்காலியில் ஆலையின் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார். இருவரும் என்னைக் கவனிக்கவில்லை.

“அந்தப் பேக்கு யாருங்க? எங்காளுக ஒருத்தனையும் கிட்ட அண்ட உடமாட்டீங்கறானே.”

“நம்ம பையனுங்க” என்றார் அப்பா.

“உங்க மகனுங்களா?”

“மகன் மாதிரித்தானுங்க. தங்கமாட்டம் பையன்.”

“மில்லுக்கு வருவானுங்களா? ஒரு எடமிருக்குது. ஆட்டம் முடியட்டும், பேசிக்கலாம். சரி, கோல்ல நிக்கற பையன்?”

“அதுங்களா?” என்று அப்பா சிரித்தார். “ஆளு பத்தலீன்னு நிக்குதுங்க.”

வாயிலிருந்த கரும்பு சக்கையாகிவிட்டது. துப்பாமல் மென்றுகொண்டே கோலுக்குத் திரும்பினேன். அப்பா என்னை ‘அவன்’ என்றுகூடச் சொல்லவில்லை. இரண்டாம் பாதியில் என்ன நடந்தது என்று யாராவது கேட்டால், அந்தச் சக்கையின் சுவையைத்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது.

ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு பந்து எங்கள் கோலை நோக்கி உயரமாக வந்தது. வெயில் சாய்ந்திருந்தது, கண் கூசவில்லை, காற்றும் இல்லை. செங்கோடன் பின்னாலேயே நகர்ந்து சரியாகப் பந்துக்கடியில் வந்து நின்றான். அவன் அதைத் தலையால் முட்டி வெளியே அனுப்பியிருப்பான். எனக்குச் சந்தேகமே இல்லை. ஆலை அணியின் ஆள் ஒருவன் பக்கவாட்டில் ஓடி வருவதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கத்தினேன்.

“உடு!”

செங்கோடன் ஒரு நொடியும் தாமதிக்காமல் விலகினான். நான் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. பந்து தரையில் ஒருமுறை பட்டு எழும்பியது. ஓடி வந்தவன் அதைக் காலால் மெல்லத் தொட்டான். அது எனக்குப் பக்கத்திலேயே உருண்டு உள்ளே போனது.

செங்கோடன் திரும்பினான். “ஏன்டா உடுன்னே?”

கூட்டம் உள்ளே வந்துவிட்டது. அப்பாவும் எழுந்து வந்துவிட்டார். எல்லாரும் கேட்கும்படி நான் சொன்னேன்: “ஓங்கி ஒரு ஒத உடுன்னு சொன்னேன். நீ எதுக்கு நவுந்தே?”

அணிப் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மண்டிக்காரர் மகனை எதிர்த்து யாரும் வாய் திறக்கவில்லை. கூட்டத்திலிருந்து ஒருவர், “அதானே! கீப்பரு ஒதைக்கச் சொல்றான், இவன் பாட்டுக்கு வெலகி மரமாட்டம் நிக்கறான்” என்றார். செங்கோடன் என் முகத்தையே பார்த்தான். எத்தனையோ ஆட்டங்களில் என் ‘உடு’வைக் கேட்டவன் அவன், எந்த ‘உடு’ எதற்கு என்பது அவனைவிட யாருக்குத் தெரியும்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “நாந்தானுங்க தப்பா நெனச்சுட்டேன்” என்றான், என் அப்பாவைப் பார்த்து.

பெரிய அணியிடம் ஒரே கோலில்தான் தோற்றோம் என்று ஊர் சந்தோஷமாகவே கலைந்தது. லாரியில் ஏறும்முன் சூப்பர்வைசர் அப்பாவிடம் சொன்னார்: “நல்ல பையன்தானுங்க. ஆனா நேரத்துக்குக் கையுங்காலும் ஓடல பாருங்க. மெசின்ல அப்பிடி நின்னா கை போயிருமுங்க. அடுத்த வருசம் பாக்கலாம்.” அடுத்த வருடம் அவர்கள் வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா என் தோளில் கை வைத்தார். நான் அழுதுகொண்டிருந்தேன், தோற்றதற்காக என்று நினைத்துக்கொண்டார். “உடு சாமி, உன்ற மேல தப்பில்ல. நீ சரியாத்தான் சொன்னே” என்றார். அத்தனை வருடம் நான் ஏங்கிய சொல் அன்றைக்குத்தான் எனக்குக் கிடைத்தது. அதன்பின் சாகும்வரை அவர் என்னைச் சாமி என்றே கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் நான் தலைகுனிந்துதான் அவரிடம் போனேன்; மரியாதை தெரிந்த பிள்ளை என்றார்கள்.

மறுநாளும் செங்கோடன் ஆட வந்தான். எப்போதும்போல் எனக்கு முன்னால் நின்றான். பந்து என் கைக்கு வந்தது. அவன் ஒதுங்கி நின்று கையைத் தூக்கி, “இங்க குடுங்க” என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள், விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று. அவன் சிரிக்கவில்லை. அதன் பிறகு பொட்டலிலும் அவன் எனக்கு ‘ங்க’ போட்டான். மழைக்காலம் தொடங்குவதற்குள், திருச்செங்கோட்டு ரிக் லாரி ஒன்றில் ஆளாகச் சேர்ந்து, ஆழ்துளைக் கிணறு போட வடநாட்டுக்குப் போய்விட்டான். அவன் அப்பா கொடிக்கால் ஈரத்திலேயே கடைசிவரை நின்றார்.

நான் கல்லூரி ஆசிரியராகி, ஓய்வும் பெற்று, நாமக்கல்லில் மகனோடு இருக்கிறேன். பேரன் சாயங்காலத்தில் பைபாஸ் ஓரத்து ‘டர்ஃப்’பில் ஆடுகிறான். பச்சைப் பிளாஸ்டிக் புல், நாலாபுறமும் வலை, பகலைத் தோற்கடிக்கிற விளக்கு. பந்துக்கு எண்ணெய் வேண்டாம். அதற்கு ஒரு வாசமும் இல்லை. கீப்பர் பையன் ‘லீவ் இட்!’ என்று கத்துகிறான். அதற்கு ஒரே பொருள்தான், யாரும் அதற்குள் ஒளிந்துகொள்ள முடியாது. வேலூரில் எங்கள் பொட்டல் இருந்த இடத்தில் இப்போது செங்கல் அடுக்கியிருக்கிறார்கள்.

சென்ற ஆடிப்பெருக்கன்று காவிரிக்குப் போய்விட்டு வேலூர் பேருந்து நிலையத்தில் நின்றபோது, டீக்கடை பெஞ்சில் செங்கோடனைக் கண்டேன். உடல் தளர்ந்திருந்தது, ஆனால் பாதங்களைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. “வாங்க வாங்க, சௌக்கியமுங்களா?” என்று எழுந்து இடம் விட்டான். என் டீக்கும் அவனே சொன்னான். “சத்தமாப் பேசுங்க. ரிக்குல கெடந்த காது, கேக்காதுங்க.”

அதனால் நான் அதைச் சத்தமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், கையைக் காதில் குவித்துக்கொண்டு “ஏனுங்க?” என்றான். கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்: “அன்னிக்கு நான் உடுன்னது வெலகத்தான்டா! வேணும்னேதான் சொன்னேன். உனக்கு வேலை கெடைக்கக் கூடாதுன்னு சொன்னேன். செங்கோடா, கேக்குதாடா?”

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். செங்கோடன் தன் கிளாசைப் பெஞ்சில் வைத்தான். “அது அன்னிக்கே தெரியுமுங்க” என்றான்.

“ஏதாவது திட்டுடா.”

பழைய சிரிப்பில் பாதி அவன் முகத்தில் வந்து நின்றது. அவன் வாயிலிருந்து ஒரு ‘டா’ வரும் என்று, இந்த வயதில், பந்துக்குக் கை நீட்டுபவனைப்போல் நான் காத்திருந்தேன்.

“உடுங்க” என்றான். “டீ ஆறுது, குடிங்க.”